சேரன்மகாதேவியில் ஒரு குதிரை: பிசான அறுப்புக்குள் என்ன பழகலாம்?

கால்வாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் ஒரு சின்ன ஊர் எனக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை. சவாரி எனக்குத் தொழில் கிடையாது, ஆசைதான். பாளையங்கோட்டையில் கல்யாண சாரட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்குதிரையைப் போன வைகாசியில் வாங்கினேன். மார்வாரி என்ற ராஜஸ்தான் இனத்தின் கலப்பு, செவலை. பல்லைப் பார்த்த டாக்டர் ஏழெட்டு வயது இருக்கும் என்றார். காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து நிற்கும். பெயர் சிட்டு.

காலை ஐந்து மணிக்கெல்லாம் கொட்டகைக்குப் போய்விடுவேன். முதலில் லத்தியைப் பார்ப்பேன், அப்புறம் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். குளம்பு நான்கையும் தூக்கிச் சுத்தம் செய்துவிட்டுச் சேணம் போட்டால், கன்னடியன் கால்வாய்க் கரையில் முக்கால் மணி நேரம் போய்வரலாம். வேலைக்குக் கிளம்பும் முன் தீவனம். சாயங்காலம் சவாரி கிடையாது, உடம்பு தேய்த்துவிட்டுக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சும்மா நடப்போம்.

இப்போது வயலெல்லாம் பிசான (மழைக்கால நெல்) நடவு. வட்டம் போட இடம் இல்லை, கரைப்பாதை நேர்கோடுதான். மாசி, பங்குனியில் அறுப்பு முடிந்ததும் அறுத்த வயல் கிடைக்கும். அதற்குள் சில விஷயங்களைப் பழகிவிட ஆசை. ட்ராட் (நடைக்கு அடுத்த மெல்லோட்டம்) ஒரே சீராக வர வேண்டும். இருபது மீட்டர் வட்டத்தில் இடம், வலம் இரண்டு பக்கமும் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான மிதப் பாய்ச்சல்) எடுக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சி வரை போய்த் திரும்பினாலும் சிட்டு களைக்காமல் இருக்க வேண்டும். பிற்பாடு என்றாவது நாற்பது கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் (நெடுந்தூரச் சவாரிப் போட்டி) ஒன்றில் சேர வேண்டும். அப்புறம், நான் ஏறும்போது அவள் அசையாமல் நிற்க வேண்டும். இப்போது அங்கவடியில் கால் வைத்ததுமே கிளம்பிவிடுகிறாள்.

இந்த வரிசை சரிதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

குற்றாலச்சாரல் எழுதியது:

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதைத் தூக்கி முதலில் வையுங்கள். ஏறும்போது நிற்காத குதிரையிடம் மற்ற எதையும் கேட்க முடியாது. சாரட்டுக்கு ஓடிய குதிரைக்கு நிற்பது என்றாலே மேளமும் வெடியும் நடுவே நிற்பதுதான். ஆள் ஏறியதும் நகர்ந்தால்தான் அந்தத் தொல்லை முடியும் என்று அது பழகியிருக்கும்.

ஒரு திண்டு பக்கத்தில் நிறுத்துங்கள். தரையிலிருந்து தொற்றி ஏறாதீர்கள், அது அதன் முதுகையும் இழுக்கும். அங்கவடியில் கால் வைக்கும்போது நகர்ந்தால், காலை எடுத்துவிட்டு ஒரு சின்னச் சுற்று நடத்திக்கொண்டு வந்து அதே இடத்தில் நிறுத்துங்கள். அதட்ட வேண்டாம். நின்றதும் வாரைத் தளர்த்திப் பிடரியைச் சொறிந்துவிடுங்கள். ஏறி உட்கார்ந்த பிறகும் கிளம்பாமல், இரண்டு மூச்சு விட்டு, நீங்கள் கேட்ட பிறகே முதல் அடி எடுக்க வேண்டும். அன்றைக்கு இது மட்டும்தான் நடந்தது என்றாலும் அது பயிற்சிதான்.

அடுத்தது நடை. நாற்பது கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் குதிரைக்கு மூச்சும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கு ஆகும். இந்த இடைவெளியில்தான் காலை உடைத்துக்கொள்கிறார்கள். குதிரை துள்ளும், ஓடத் தயார் மாதிரித் தெரியும், நாமும் விட்டுவிடுவோம். மழைக்காலம் முழுக்கப் பெரும்பாலும் நடை, இடையிடையே கொஞ்சம் ட்ராட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இறங்கியதும் முன்னங்காலின் பின்பக்கம், முழங்காலுக்குக் கீழே குளம்புக் கணு வரை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கதகதப்பாக இருந்தால் மறுநாள் ஓய்வு.

ட்ராட் சீராக வருவதற்கு உங்கள் உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். ட்ராட்டில் கால்கள் குறுக்குச் சோடியாக விழும். அந்தத் தாளத்துக்குச் சேணத்தில் எழுந்து உட்காரும்போது எந்தச் சோடிக்கு எழுகிறீர்கள் என்று கவனித்து, கரைப்பாதையில் மாற்றி மாற்றி உட்காருங்கள். ஒரே சோடியிலேயே உட்கார்ந்து வந்தால் குதிரை ஒரு பக்கம் மட்டும் பலப்படும். பிறகு வட்டம் போடும்போது அது தெரியவரும்.

ராமையன்பட்டி மாணவி எழுதியது:

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். அண்ணா, முதலில் சிட்டுவின் எடை என்ன என்று தெரிய வேண்டும். எடைமேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதைத் தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுங்கள். எல்லாம் சென்டிமீட்டரில். வருவது ஏறக்குறைய எடை, கிலோவில்.

இது இரண்டு காரியத்துக்கு வேண்டும். ஒன்று, நீங்களும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு, தீவனம். உலர் எடையில் கணக்கிட்டால் உடல் எடையில் 2 சதவீதம் நார்த்தீவனம் தினமும் போக வேண்டும், 1.5-க்குக் கீழே இறங்கவே கூடாது. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் இருப்பதால் முப்பது கிலோவுக்கு மேல் போட்டால்தான் அந்தக் கணக்கு நிரம்பும்.

என்ன கொடுக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். மாட்டுத்தீவனம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சில மாட்டுத்தீவனங்களில் சேர்க்கப்படும் மோனென்சின் குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

தேரிக்காட்டு அண்ணாச்சி எழுதியது:

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து வண்டிக்குதிரை உண்டு. திசையன்விளைப் பக்கம். மாணவி சொல்வது சரிதான், ஆனால் புத்தகக் கணக்குக்கு முன்னால் வாயைப் பாருங்கள். கல்யாணக் குதிரைக்கு முள் வைத்த பிட் (வாய்க்குள் வைக்கும் கடிவாள இரும்பு) போட்டுத்தான் ஓட்டுவார்கள். அதை இழுத்து இழுத்து உதட்டோரம் காய்ச்சுப் போயிருக்கும். முள் வைத்த பிட்டும் முள் வைத்த கம்பும் 1965-ஆம் வருட மிருகவதைத் தடுப்பு விதியிலேயே தடை செய்யப்பட்டவை. இருந்தும் இன்னும் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

தம்பி, கட்டைவிரலை உதட்டோரம் வைத்துத் தடவிப் பாருங்கள். தழும்பு தட்டுப்பட்டால் கொஞ்ச நாள் பிட்டே இல்லாமல் மூக்குவார் கடிவாளத்தில் ஓட்டுங்கள். வாய் மரத்துப்போன குதிரைக்கு வட்டமும் கிடையாது, கேன்டரும் கிடையாது.

கொள்ளு கொடுங்கள், பயப்பட வேண்டாம். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வேகவைத்து, ஆறியதும் கொஞ்சம் கொஞ்சமாக.

கால்வாய்க்கரை எழுதியது:

அளந்துவிட்டேன். மார்புச் சுற்று 172, நீளம் 152. கணக்குப்படி 378 கிலோ வருகிறது. ஐந்தில் ஒரு பங்கு 75 சொச்சம். நான் 68, சேணம் 7. சரியாக எல்லையில் நிற்கிறேன்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். இடது உதட்டோரம் ஒரு தழும்பு, அரிசி நீளம். அந்த இடத்தில் மட்டும் தோல் கெட்டியாக இருக்கிறது. விரல் பட்டதும் தலையைத் தூக்கிக்கொண்டாள். வலது பக்கம் அப்படி இல்லை. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் முகத்தை மேலே தூக்குவது இதனால்தான் போலிருக்கிறது. மூக்குவார் கடிவாளம் ஒன்று தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தீவனம்: கோ-4 புல்தான் பெரும்பகுதி, நாங்களே வளர்க்கிறோம். கூடவே வைக்கோல், கோதுமைத் தவிடு, கொஞ்சம் கொள்ளு. பக்கத்து வயல்காரர் இளஞ்சோளம் தருகிறேன் என்கிறார்.

ராமையன்பட்டி மாணவி எழுதியது:

இளஞ்சோளம் வேண்டாம் அண்ணா. மாட்டுக்கு அது விஷமாவது எல்லோருக்கும் தெரியும். குதிரைக்கு அது சிறுநீர்ப்பையையும் பின்னங்கால் நரம்பையும் கெடுக்கும், நடை தள்ளாடும்.

கோ-4 மாதிரி நேப்பியர் வகையில் ஆக்சலேட் இருக்கிறது. அது சுண்ணாம்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் போனால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும். முகத்தெலும்பு வீங்கும், இடம் மாறி மாறி நொண்டும். நீங்கள் நாற்பது கிலோமீட்டருக்கு எலும்பைத் தயார் செய்துகொண்டிருக்கும்போது தீவனம் அதைக் கரைத்துக்கொண்டிருக்கும். தவிட்டை நிறுத்துங்கள். புல்லில் ஒரு பங்கைக் குறைத்துக் குதிரைமசால் சேருங்கள், அதில் சுண்ணாம்புச்சத்து நிறைய. வரப்பில் அருகம்புல் மேயவிட்டால் இன்னும் நல்லது.

கொள்ளைப் பற்றி அண்ணாச்சி சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை, வேகவைப்பது நல்லதுதான். ஆனால் அளவு சிறியதாக, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சின்னது, வாந்தி எடுக்கவும் வராது. ஒரே வேளையில் திணித்தால் சூலைதான், கடுமையான வயிற்றுவலி.

தேரிக்காட்டு அண்ணாச்சி எழுதியது:

சரி தாயி, அளவு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் சூலைக்கு வேறொரு காரணமும் உண்டு: தேரி மணல். தரையில் புல்லைக் கொட்டினால் மணலையும் சேர்த்து விழுங்கும், அது குடலில் போய்த் தங்கும். லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் சாய்த்தால் அடியில் மணல் நிற்கும், நீங்களே பார்க்கலாம். நான் ரப்பர் விரிப்பின்மேல் தொட்டி வைத்துத்தான் போடுகிறேன்.

காற்றாலைக்காரன் எழுதியது:

ராதாபுரம் பக்கம். ஆடிக்காற்றில் சவாரி செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என் குதிரை காற்றாலை இறக்கையின் நிழல் தரையில் ஓடுவதைக் கண்டால் பக்கவாட்டில் பாய்கிறது. சத்தத்துக்குப் பயமில்லை, நிழலுக்குத்தான்.

குற்றாலச்சாரல் எழுதியது:

நேர் முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் தவிர கிட்டத்தட்ட முழுச் சுற்றும் குதிரைக்குத் தெரியும். அதனால் ஓரத்தில் ஓடுகிற நிழலும் அதற்கு விலங்குதான். இறங்கிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிழல் எட்டாத தூரத்தில் மேயவிடுங்கள். தலை குனிந்து மென்றுகொண்டே நிழலைப் பார்க்க வேண்டும். அது சாதாரணமானதும் இரண்டு எட்டு கிட்டே. அவசரப்பட்டு நிழலுக்குள் இழுத்துப்போனால் ஆடி முடியும்வரை அதே பாய்ச்சல்தான். கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு இறுகினால் விரல் போய்விடும்.

கால்வாய்க்கரைத் தம்பிக்கு: எடை எல்லையில் இருப்பதால் தாண்டல் பயிற்சி எதையும் நினைக்க வேண்டாம். நடையும் ட்ராட்டும் நன்றாகச் செய்யலாம். மலையடிவார மேடுகளில் நீங்கள் இறங்கி நடந்தால் அவளுக்கு எவ்வளவோ உதவி. எண்டியூரன்ஸ்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

பழையகாயல் எழுதியது:

இடையில் ஒரு பழைய செய்தி. எங்கள் காயல் துறைமுகத்தில்தான் 13-ஆம் நூற்றாண்டில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் பாண்டியருக்குக் குதிரைகள் வந்து இறங்கின. மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். வருடம் தவறாமல் வாங்கினாலும் பெரும்பாலானவை செத்துப்போயின என்கிறார். காரணமும் சொல்கிறார்: இங்கே குதிரையைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடக்காரர் இல்லை. விற்கிற வியாபாரிகளே லாடக்காரர்களை வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம், குதிரை செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம். அரிசியும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் இருக்கிறது.

இன்றும் எங்கள் பக்கம் காளைக்கு லாடம் அடிக்க ஆள் உண்டு, குதிரைக்கு இல்லை. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

குற்றாலச்சாரல் எழுதியது:

இதைக் கேட்டதற்கு நன்றி. நம் பக்கத்தில் சவாரிக்காரருக்குப் பெரிய குறை இதுதான். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். விட்டுவிட்டால் முன்நுனி நீண்டு, குதிகால் தாழ்ந்து, சுமையெல்லாம் தசைநாணில் இறங்கும். காளைக் குளம்பு பிளவுபட்டது, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. காளை லாடக்காரரிடம் விட்டால் உள்ளங்காலை அதிகம் சுரண்டிவிடுவார்.

நான் செய்வது: வெளியூரிலிருந்து ஒரு குதிரை லாடக்காரரை வரவழைத்து, சுற்றுவட்டாரத்துக் குதிரைகளுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை வைத்துக்கொள்கிறோம். அவர் செதுக்கிவிட்டுப் போன வடிவத்தைக் கெடாமல் வைத்திருக்க இடையில் அரம் பிடிக்க நானே கற்றுக்கொண்டேன். கால்வாய்க்கரை மண் மெத்தென்று இருப்பதால் சிட்டுவுக்கு லாடம் தேவைப்படாது. தார்ச்சாலையில் தூரம் போனால் பார்க்கலாம். மழை முடியும்வரை குளம்பின் நடுவே உள்ள முக்கோணச் சதையைத் தினமும் மோந்து பாருங்கள். அழுகல் நாற்றமும் கறுப்புக் கசிவும் இருந்தால் சேற்று அழுகல். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் நிறையக் குதிரைகளுக்கு அது வந்தது. முதல் மருந்து காய்ந்த தரைதான்.

பாளை அம்மா எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகள் எட்டாம் வகுப்பு. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா டிரசாஜ் (குதிரையைப் பழக்கி நடத்திக் காட்டும் போட்டி) அணிப் பிரிவில் தங்கம் வாங்கியதைப் பார்த்ததிலிருந்து குதிரை குதிரை என்கிறாள். இங்கே போட்டியே இல்லாத ஊரில் இதைப் பழகி என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கால்வாய்க்கரை எழுதியது:

அக்கா, என்னிடமும் அதே கேள்விதான் வரும். போட்டி இருந்தால்தான் பழக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சிட்டு வந்த புதிதில் கையைத் தூக்கினாலே சுவரோரம் ஒதுங்குவாள். இப்போது கொட்டகைக் கதவைத் திறக்கும்போது தலையை எட்டிக் கையை மோந்து பார்க்கிறாள். ஒரு பிராணியின் பயத்தை நம் கையாலேயே குறைப்பது எனக்குப் பெரிய காரியம். உங்கள் மகள் அதைச் செய்யக் கற்றுக்கொண்டால் அதுவே போதும். மகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஏறுவதற்கு முன் குளம்பு தூக்கவும் தேய்க்கவும் கற்றுக்கொள்ளட்டும். சவாரித் தலைக்கவசம் மட்டும் வாங்கிவிடுங்கள், கிரிக்கெட் கவசமும் பைக் கவசமும் உதவாது. குதிகால் உள்ள, பாதத்தை மூடிய ஷூவும் வேண்டும், கால் அங்கவடிக்குள் வழுக்கிப் போகாமல் இருக்க.

ராமையன்பட்டி மாணவி எழுதியது:

மகளுக்கு டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, குதிரைக் கொட்டகையில் அது முக்கியம். சிட்டுவுக்கும் போட்டிருக்க வேண்டும். அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்க நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன், கிளாண்டர்ஸ் பரிசோதனை இல்லாமல் கொட்டகைக்குள் ஏற்றாதீர்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது, குணப்படுத்த வழியில்லாமல் அரசே அந்தக் குதிரையை அழிக்கச் சொல்லும்.

கால்வாய்க்கரை எழுதியது:

பிசான அறுப்பு முடிந்துவிட்டது. நிலவரம் சொல்கிறேன்.

மழைக்காலம் முழுக்கக் குற்றாலச்சாரல் அக்கா சொன்னபடி நடைதான். ஏறும்போது இப்போது நிற்கிறாள். கடிவாளத்தைத் தொங்கவிட்டு நான் ஷூ கயிற்றைச் சரிசெய்தால்கூட நிற்கிறாள். தவிடு நின்றுவிட்டது, குதிரைமசால் ஒரு பாத்தி போட்டிருக்கிறேன்.

அறுத்த வயலில் நடுவே முளையடித்துப் பத்து மீட்டர் கயிறு கட்டிச் சுற்றிச் சாம்பல் தூவினேன், இருபது மீட்டர் வட்டம் கிடைத்தது. அறுப்பு மிஷின் சக்கரம் பதிந்த பள்ளம் இல்லாத வயலாகத் தேடிப் பிடித்தேன். வலது பக்கம் ட்ராட் சாம்பல் கோட்டின்மேலேயே வருகிறது. இடது பக்கம் தோளை வெளியே தள்ளிக்கொண்டு வட்டத்தை முட்டை வடிவமாக்குகிறாள். வலது பக்கம் கேன்டர் எடுத்தாள். இடது பக்கம் கேட்டால் அப்போதும் வலது காலையே முன்வைத்து எடுக்கிறாள்.

கல்லிடைக்குறிச்சி போய்த் திரும்பினோம். இறங்கியதும் தாடைக்குக் கீழே நாடி பிடித்தேன். பத்து நிமிடத்துக்குள் நிமிடத்துக்கு 60 துடிப்புக்கு வந்துவிட்டது. எண்டியூரன்ஸில் 64-க்கு இறங்கினால்தான் அடுத்த சுற்றுக்கு விடுவார்கள் என்று படித்திருக்கிறேன். இடது கேன்டருக்கு என்ன செய்யலாம்?

குற்றாலச்சாரல் எழுதியது:

நாடி நல்ல நிலவரம், மகிழ்ச்சி. இனிச் சித்திரை வெயில், விடியலுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சூடான குதிரைமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பார்கள், கேட்காதீர்கள். கழுத்து, மார்பு, தொடை என்று ஊற்றிக்கொண்டே இருங்கள், குடிக்கவும் விடுங்கள்.

இடது கேன்டருக்குக் காரணம் அந்தத் தழும்பு. வாய் வலித்த பக்கம் வளைய மறந்துவிட்டாள். இடது கேன்டர் வலது பின்னங்காலிலிருந்து தொடங்கும். அப்புறம் இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் சேர்ந்து விழும், கடைசியில் இடது முன்னங்கால். தோள் வெளியே சரிந்திருந்தால் அந்த முதல் அடி வராது. அதனால் இப்போது கேன்டரைக் கேட்காதீர்கள். இடது வட்டத்தை நடையில் போடுங்கள். வட்டத்துக்கு வெளிப்பக்கக் கடிவாளத்தையும் உங்கள் வெளிப்பக்கக் காலையும் கொண்டு தோளைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். உள் கடிவாளத்தை இழுக்க வேண்டாம், முகம்தான் திரும்பும், உடம்பு திரும்பாது. அவளுடைய உள்பக்கக் கண்ணின் இமை ஓரம் உங்களுக்குத் தெரிகிற அளவு வளைந்தால் போதும். நடையில் சாம்பல் கோடு அழியாமல் சுற்றினால் ட்ராட். ட்ராட்டிலும் அப்படியே வந்தால், வயல் மூலைக்குள் நுழையும் இடத்தில் ஒரே ஒரு முறை கேளுங்கள். தவறான காலில் எடுத்தால் அதட்டாமல் ட்ராட்டுக்கு இறக்கி மறுபடி வட்டம்.

கார் நெல் சாகுபடிக்கு உழவு தொடங்கும்வரை வயல் உங்களுடையதுதானே, நாள் இருக்கிறது. லாடக்காரர் அடுத்த மாதம் தென்காசி வருகிறார். சிட்டுவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவா?